கடலை வேகாத நவராத்திரி

செப்டம்பர் 22, ஞாயிறு

இன்று முதல் நாட்குறிப்பு எழுதுகிறேன். காரணம் முழுக்க அறிவியல் சார்ந்தது.

கல்லூரியில் வேதியியல் நடத்திய காலம் முழுவதும் சோதனைக் குறிப்பு எழுதச் சொல்லி மாணவர்களைப் படுத்தினேன். ஓய்வு பெற்ற பிறகு எனக்கு எழுத ஒன்றும் நடக்கவில்லை. மங்கையர்க்கரசி அக்கா சமைக்கிறாள். நான் சாப்பிடுகிறேன். பிறகு இருவரும் சேர்ந்து டாக்டரைத் திட்டுகிறோம். இதற்கு நோட்டு தேவையில்லை.

நேற்று மாலை நிலவரம் மாறியது.

எங்கள் எதிர்வீடு பல வருடமாகப் பூட்டிக் கிடந்தது. ஆகஸ்டில் திறந்தது. வந்திருப்பவர் அந்த வீட்டுப் பெண் செலஸ்தீன் அம்மையார். கல்யாணமாகி பிரான்சுக்குப் போனவர், நான்சி என்ற ஊரில் ஆஸ்பத்திரி நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அப்பா விட்டுப்போன வீட்டை விற்க வந்திருக்கிறார். ஆள் கிடைத்துவிட்டது. அக்டோபர் 14 பத்திரப் பதிவு, 16 விமானம். கணவர் காலமாகி ஆறு வருடம் ஆகிறது. இந்தக் கடைசித் தகவல் சோதனைக்குத் தொடர்பில்லாதது, முழுமைக்காகக் குறிக்கிறேன்.

நேற்று அவர் வாசலில் நின்று ஒரு பொட்டலத்தைப் பிரித்து முகம் சுளித்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா ஆச்சு?"

"பாருங்க முசே, கீஷ்னு போர்டு மாட்டி விக்கிறான். இது கீஷா? முட்டை ஊத்தின பீட்சா!"

என்னை இதுவரை யாரும் முசே என்று அழைத்ததில்லை. புதுச்சேரியில் பிறந்தும் ஆயுள் முழுக்க 'சார்' ஆகவே இருந்துவிட்டேன்.

கீஷ் என்பது மாவில் கிண்ணம் போல ஓடு செய்து, அதில் முட்டையும் க்ரீமும் கலந்து ஊற்றி, ஓவனில் சுடுகிற உப்புப் பண்டம். அவர் இருந்த பக்கத்தில்தான் அது பிரசித்தம். அங்கே பக்கத்து வீட்டு ஓதீல் என்ற பெண்மணி வாராவாரம் சுட்டுத் தருவாராம்.

"நீங்களே செய்யலாமே?"

"நைட் டியூட்டி பார்க்கிறவளுக்கு எங்க முசே நேரம்? அவ சுடுவா, நான் தின்பேன். முழுசா ஒண்ணும் கத்துக்கலை." பிறகு சிரித்துக்கொண்டே சொன்னார்: "இந்த ஊர்ல ஒரு நல்ல கீஷ் கிடைச்சா, வீட்டை விக்காம இங்கேயே இருந்துடுவேன்."

சிரித்துக்கொண்டு சொன்னார் என்பது உண்மை. ஆனால் சோதனைக் குறிப்பில் சிரிப்புக்குக் கட்டம் கிடையாது. கூற்றை மட்டும்தான் பதிவு செய்ய முடியும். கூற்று: நல்ல கீஷ் இருந்தால் வீடு விற்கப்படாது. சோதித்துப் பார்க்கத் தகுந்தது.

சில இடையூறுகள் உண்டு. நான் ரசம்கூட வைத்ததில்லை. நாங்கள் பரம்பரைச் சைவம். இந்த வீட்டுப் படியை முட்டை மிதித்ததில்லை. நவராத்திரி வேறு நெருங்குகிறது. இதெல்லாம் சமாளிக்கக் கூடியவை. மிச்சம் இருப்பது அக்கா.

செப்டம்பர் 23, திங்கள்

பால் பூத்தில் செலஸ்தீன் அம்மையாரைத் தற்செயலாகச் சந்தித்தேன். எங்கள் வீட்டுக்குப் பால் வாசலிலேயே வந்துவிடுகிறது.

செப்டம்பர் 25, புதன்

நூலகத்திலிருந்து பிரெஞ்சு சமையல் நூல் ஒன்று எடுத்து வந்தேன். தெளிவான நடை. ஆனால் 'அறை வெப்பநிலை' என்கிறதே தவிர, யாருடைய அறை என்று சொல்வதில்லை. வெண்ணெய் கல் போல் இருக்க வேண்டுமாம். இங்கே வெண்ணெய் கடையிலிருந்து வீடு வருவதற்குள் மனம் மாறிவிடுகிறது.

ஓவன் எங்களிடம் உண்டு. பணி ஓய்வின்போது சக ஆசிரியர்கள் கொடுத்தது. இதுநாள் வரை அக்கா அதில் வடாம் வைத்திருந்தாள். இன்று அதை மாடி அறைக்குத் தூக்கினேன்.

"அதை எதுக்குடா மேலே தூக்கறே?"

"புத்தகத்துல பூச்சி, அக்கா. லேசா சூடு காட்டினா செத்துடும்."

"அப்ப என் வடாம் எங்கே போகும்?"

விஞ்ஞானத்தைப் பற்றி அவளுக்குச் சந்தேகமே இல்லை. வடாமைப் பற்றித்தான்.

செப்டம்பர் 26, வியாழன்

முட்டை வாங்கினேன். யாருக்கும் என்னைத் தெரியாத இடமாக இருக்கட்டும் என்று ஸ்கூட்டரில் முத்தியால்பேட்டை வரை போனேன். கடைக்காரன் எழுந்து நின்றான்.

"சார்! நான் வீரபாகு சார். பி.எஸ்சி. கடைசி பெஞ்ச்."

"நல்லா இருக்கியா?"

"உங்க புண்ணியம். முட்டையா சார்? உங்களுக்கா?"

"ஆய்வுக்கு."

"என்ன ஆய்வு சார்?"

"புரதம் உறைதல்."

"அதானே பார்த்தேன். நீங்கல்லாம் சுத்த சைவமாச்சே." ஒவ்வொரு முட்டையையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துப் பொறுக்கினான். நான் வண்டியைக் கிளப்பும்போது கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னான்: "ரிட்டயர் ஆகியும் ஆராய்ச்சி பண்றாரு பாருங்கய்யா! இவர்கிட்டதான் நான் மூணு அரியர் வச்சேன்!"

முட்டைகளை ஹெல்மெட்டுக்குள் வைத்து மாடி ஏற்றினேன். அதனால் தலையில் ஹெல்மெட் இல்லாமல் வந்தேன். சட்டத்தை மீறுவது முதலில் கஷ்டமாக இருக்கிறது, பிறகு பழகிவிடுகிறது.

செப்டம்பர் 28, சனி

முதல் சோதனை.

முட்டையை எப்படி உடைப்பது என்று நூலில் இல்லை. உலகத்தில் எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்துவிட்டார்கள். ஸ்பேனரைப் பயன்படுத்தினேன். அது தேவைக்கு அதிகம்.

மைதாவும் வெண்ணெயும் பிசைந்து, தட்டில் கிண்ணம் போல் பரப்பி, சூடு காட்டினேன். ஓரங்கள் வெட்கப்பட்டதுபோல் உள்ளே சுருங்கின. நடுப்பகுதி பூரியாக எழுந்தது. அதன் மேல் முட்டைக் கலவையை ஊற்றியதும், கலவை ஓவனின் தரையைத் தேடிப் போய்விட்டது. இறுதி விளைவாக ஒரு தட்டையும் ஒரு ஆம்லெட்டும் கிடைத்தன. ஒன்றுக்கொன்று அறிமுகமில்லை.

ருசி பார்ப்பது யார் என்பது அடுத்த சிக்கல். நான் முட்டை சாப்பிடுவதில்லை. கைப்பிடிச் சுவரில் வைத்தேன். காகங்கள் வந்தன. மிச்சம் வைக்கவில்லை. இவற்றை மதிப்பீட்டுக் குழுவாக நியமித்திருக்கிறேன்.

கீழேயிருந்து அக்கா: "தம்பி, புத்தகத்துலேர்ந்து வெண்ணெய் காய்ச்சற வாசனை வருதே!"

"பழைய பைண்டிங் பசை, அக்கா!"

"அந்தக் காலத்துப் பசையே தனிதான்டா!"

செப்டம்பர் 30, திங்கள்

பெரிய முன்னேற்றம். மாவு ஓட்டை முதலில் வெறுமனே சுட வேண்டுமாம். அப்போது மாவு எழும்பாமல் இருக்க, காகிதம் விரித்து, அதன் மேல் காய்ந்த பயறு எதையாவது பாரமாகக் கொட்டச் சொல்கிறது நூல். சமையலறையில் ஒரு பெரிய டப்பா நிறைய வெள்ளைக் கொண்டைக்கடலை இருந்தது. எடுத்து வந்தேன்.

ஓடு பணிந்தது. காலையில் ஒன்று, பிற்பகலில் ஒன்று, மாலையில் ஒன்று என்று சுட்டுப் பார்த்தேன். கடலை கொஞ்சம் சிவந்திருக்கிறது, மற்றபடி ஒன்றும் ஆகவில்லை. டப்பாவிலேயே திரும்பக் கொட்டி, நன்றாகக் கலந்து, எடுத்த இடத்தில் வைத்துவிட்டேன். ஆய்வகத்தில் எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைக்க வேண்டும் என்று பல தலைமுறை மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான்.

மாலையில் வாசலில் செலஸ்தீன் அம்மா.

"முசே, உங்க மூக்குல மாவு."

"சாக்பீஸ்."

"ரிட்டயர் ஆயிட்டீங்கன்னு சொன்னாங்களே?"

"சிலது போக நாளாகும்."

அவர் சிரித்தார். கட்டம் இல்லாததால் பதியவில்லை.

அக்டோபர் 1, செவ்வாய்

தலைக்குச் சாயம் பூசினேன். ஓவன் வெளிச்சத்தில் நரை கண்ணைக் கூசுகிறது.

அக்டோபர் 2, புதன். மகாளய அமாவாசை

வருத்தமான நிகழ்ச்சி. அப்பா, தாத்தா, அதற்கு முந்தியவர்கள் எல்லோருக்கும் படைத்துவிட்டு, அக்கா மொட்டைமாடிச் சுவரில் காகத்துக்குச் சோறு வைத்தாள். பருப்பு, நெய், வாழைக்காய்ப் பொரியல், வடை. காகங்கள் வந்தன. பார்த்தன. நடந்து சோற்றைத் தாண்டி என் அறை ஜன்னலில் வரிசையாக உட்கார்ந்தன.

"கா... கா... கா..." என்று அக்கா தொண்டை வறளக் கூப்பிட்டாள். ஒன்றாவது திரும்ப வேண்டுமே.

"என்னடா இது? சோத்தைத் தொட மாட்டேங்குதுங்க!"

"பசி இல்லை போல."

"அமாவாசை அன்னிக்குக் காக்காவுக்குப் பசி இல்லையா? அப்பாவுக்கு ஏதோ கோபம்டா. உன் ஜன்னலையே பார்க்கறார் பாரு. நீ என்ன பண்ணினே?"

தலைமுறை தலைமுறையாக வெங்காயத்தைக்கூட யோசித்துத் தொட்ட வம்சம். இறந்த பிறகு முட்டைக்கு மாறிவிட்டார்கள். இதை அவளிடம் எப்படிச் சொல்வது?

அக்கா குளித்து மறுபடி சமைக்கக் கீழே போனதும் நேற்றைய கீஷில் ஒரு துண்டைச் சோற்றுக்கு அடியில் மறைத்து வைத்தேன். உடனே இறங்கினார்கள். திரும்பி வந்து பார்த்த அக்கா கண் கலங்கிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மனிதர்களுக்கு நிம்மதி தருவதில் விஞ்ஞானத்துக்கும் பங்கு உண்டு.

அக்டோபர் 3, வியாழன்

கொலு வைத்தாயிற்று. பொம்மைகளை நான் எடுத்துக் கொடுக்க, அக்கா அடுக்கினாள்.

"எதிர்வீட்டுப் பிரெஞ்சுக்காரியையும் வெத்தலை பாக்குக்குக் கூப்பிடணும்."

"அவங்க பிரெஞ்சுக்காரி இல்லை அக்கா. அப்பா இதே தெருவுல பிறந்தவர். மாதா கோயில் ஸ்கூல்ல படிச்சவங்க. அவங்களுக்குக் கொலு பிடிக்கும்னு..."

அக்கா கையில் செட்டியார் பொம்மையோடு நின்று என்னைப் பார்த்தாள்.

"கூப்பிடணும்னுதானே சொன்னேன். நீ ஏன் வக்கீல் மாதிரி பேசறே?"

அக்டோபர் 4, வெள்ளி

அசல் கீஷில் பன்றி இறைச்சியைப் புகையூட்டி, உப்பிட்டு, பொடியாக நறுக்கி, வறுத்துப் போடுகிறார்கள். நான் எவ்வளவோ முன்னேறிவிட்டேன், ஆனால் அவ்வளவு இல்லை. உப்பு வேண்டும், கருகின வாசனை வேண்டும், கடித்தால் மொறுமொறுவென்று இருக்க வேண்டும். யோசித்தபடி தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். விடை தட்டிலேயே இருந்தது. மோர்மிளகாய்.

இன்று சோதித்தேன். மதிப்பீட்டுக் குழு சற்று நேரம் சிறகடித்தது. பிறகு முழுமையாக ஆதரித்தது.

அக்டோபர் 6, ஞாயிறு

வீட்டை வாங்குகிறவர் சென்னையிலிருந்து காரில் வந்தார். கறுப்புக் கண்ணாடி. வீட்டை விடுதியாக்கி, கீழே காபிக் கடை வைக்கப் போகிறாராம். "பிரெஞ்ச் ஃபீல் வரணும் சார். சுவரெல்லாம் மஞ்சள். காலைல கீஷ், குரோசான்..." என்று என்னிடமே விளக்கினார். அதாவது செலஸ்தீன் அம்மா போன பிறகு, அவர் வீட்டிலேயே, அவருக்குக் கிடைக்காத பண்டத்தை, அதைக் கேட்காதவர்களுக்கு விற்பார்.

அவர் போன பிறகு செலஸ்தீன் அம்மா நெடுநேரம் தன் வீட்டு ஜன்னலைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். கொண்டியில் ஒன்றும் பழுது இருப்பதாகத் தெரியவில்லை.

எட்டு நாள் இருக்கிறது. இரவு சாப்பாடு வேண்டாம் என்றேன். அக்கா தெர்மாமீட்டரைத் தேடினாள்.

அக்டோபர் 7, திங்கள்

நடந்ததை நடந்தபடி எழுத முயல்கிறேன்.

இன்று நைவேத்தியம் கொண்டைக்கடலைச் சுண்டல். எனக்கு இது முன்கூட்டித் தெரியாது. தெரிந்திருந்தாலும் என்ன செய்திருப்பேன் என்று தெரியவில்லை.

காலையிலேயே அக்கா புலம்பினாள். "ராத்திரி பூரா ஊறப் போட்டும் பாதிக் கடலை அப்படியே இருக்குடா. கடைக்காரன் பழசைத் தள்ளிட்டான்." குக்கர் விசில் அடித்துக்கொண்டே இருந்தது. தேங்காய், மாங்காய், பெருங்காயம் எல்லாம் போட்டுத் தாளித்தாள். வெந்ததா என்று அவள் வாயில் போட்டுப் பார்க்கவில்லை. அம்பாளுக்குப் படைக்கும் முன் ருசி பார்க்கக் கூடாது. அம்பாள் ஒன்றும் சொல்லவில்லை. அதன் பிறகு தெருப் பெண்கள் வந்தார்கள்.

முழுக்க வேகாமல் இருந்திருந்தால் பரவாயில்லை. எல்லோரும் முதல் கடலையிலேயே சுதாரித்திருப்பார்கள். நான்தான் நன்றாகக் கலந்து வைத்திருந்தேனே. முதல் இரண்டு மூன்று கடலை வெண்ணெயாகக் கரைந்து நம்பிக்கை அளித்தது. அந்த நம்பிக்கையோடு அடுத்ததைக் கடித்தார்கள்.

கூடம் முழுக்க, ஒருவர் பின் ஒருவராக, 'டக்'. பேங்க் மேனேஜர் மனைவிக்குப் பல்லின் மேல் போட்டிருந்த தொப்பி கழன்று கையில் வந்தது. பாட்டு பாடிக்கொண்டிருந்த பெண் பாதியில் நிறுத்தி, சுருதி சேராதது போல் முகத்தை வைத்துக்கொண்டு வெளியே போனாள். அக்கா முகத்தில் ரத்தம் இல்லை.

"அறுபது வருஷமா இந்த வீட்ல கொலு... ஒரு தடவைகூட... தம்பி மேலே பூச்சி சாகணும்னு புஸ்தகத்தைச் சுட்டுக்கிட்டே இருக்கான், அது சரஸ்வதிக்குப் பிடிக்கலையோ என்னவோ!"

செலஸ்தீன் அம்மாவும் கடித்தார். கைக்குட்டையில் எடுத்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். முகர்ந்தார். பிறகு, அத்தனை பெண்களின் தலைகளுக்கு மேலாக, செட்டியார் பொம்மைக்குப் பக்கத்தில் நின்றிருந்த என்னை நேராகப் பார்த்தார். தோள் குலுங்க ஆரம்பித்தது. புடவைத் தலைப்பை வாயில் வைத்து அடைத்துக்கொண்டார்.

அடங்கிய பிறகு, "மங்கை அம்மா, வருத்தப்படாதீங்க. மிச்சக் கடலையைத் தூர மட்டும் எறிஞ்சுடாதீங்க" என்றார்.

வாசல் வரை நான் வழியனுப்பினேன்.

"பூச்சியெல்லாம் செத்துச்சா முசே?"

"ஓரளவு."

"ஓதீல் வீட்ல ஒரு டப்பா இருந்துச்சு. நிறைய மொச்சை. முப்பது வருஷமா அதே மொச்சைதான். அவ சமைக்கவே மாட்டா. எதுக்கு வச்சிருந்தான்னு தெரியுமா?"

"ஆச்சரியமா இருக்கு."

"இன்னும் நான் சொல்லவே இல்லையே முசே!"

சிரித்துக்கொண்டே தெருவைக் கடந்தார். ஒரு ஆட்டோ பிரேக் போட்டது. ஆட்டோக்காரரும் காரணம் தெரியாமல் சிரித்தார். நானும் அப்படித்தான் நின்றிருந்ததாகப் பிறகு உணர்ந்தேன்.

அக்டோபர் 8, செவ்வாய்

அக்கா மூட்டு வலியோடு மாடி ஏறி வந்தாள். நான் ஒளிக்கத் தாமதித்துவிட்டேன்.

"இது என்ன?"

"முட்டை."

"கோழி முட்டையா?"

"ஆமாம் அக்கா."

நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"கொலு வச்ச வீட்ல."

"கொலு கீழே இருக்கு. இது மாடி."

"அம்பாளுக்குப் படி ஏறத் தெரியாதா?"

அவள் சிவந்த கடலை ஒன்றைக் காகிதத்திலிருந்து எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒவ்வொன்றாக அவளுக்குப் புரிந்துகொண்டு வருவது முகத்தில் தெரிந்தது.

"அப்ப காக்கா?"

"ஆமாம்."

"அப்பா தின்னது முட்டையா?"

"விரும்பித்தான் சாப்பிட்டார், அக்கா."

கோபமாக இருக்கத்தான் முயன்றாள். உதடு ஒத்துழைக்கவில்லை. "உயிரோட இருந்தப்ப பூண்டு போட்டாலே தட்டைத் தள்ளிவிடுவாரேடா மனுஷன்!" என்று ஆரம்பித்தவள், முந்தானையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். மூச்சு வாங்கிய பிறகு கேட்டாள்:

"யாருக்குடா இதெல்லாம்?"

"இது ஒரு ஆய்வு. வெப்பத்தில் புரதம்..."

"தலைக்குச் சாயம் பூசினியே, அது புஸ்தகத்துக்கா?"

ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். துரதிர்ஷ்டவசமாக அந்த ஜன்னலிலிருந்து எதிர்வீடுதான் தெரிகிறது.

"அவ போறாளா, இருக்காளா?"

"பதினாலாம் தேதி பத்திரப் பதிவு."

அக்கா கொஞ்ச நேரம் கடலையை உள்ளங்கையில் உருட்டினாள். பிறகு தீர்ப்புச் சொன்னாள். "முட்டைக்கு அம்பாள்கிட்ட நான் பதில் சொல்லிக்கறேன். சுண்டலுக்கு நீ சொல்லு. ஒன்பது நாள் முடியற வரைக்கும் இந்தப் பெட்டி எரியக் கூடாது. அதுக்கப்புறம் இந்த வீட்ல எரியக் கூடாது."

"பின்னே எங்கே?"

"எதிர்ல அவ்வளவு பெரிய அடுக்களை சும்மாத்தானே கிடக்கு. விக்கறதுக்குள்ள அங்க போய்ச் சுட்டுத் தொலை."

அக்டோபர் 10, வியாழன்

எதுவும் சுடவில்லை. கடற்கரையில் நடந்தேன். பாடிக்கொண்டே வந்ததாகத் தெருமுனை வாட்ச்மேன் சொல்கிறார். மறுத்துவிட்டேன்.

அக்டோபர் 11, வெள்ளி. சரஸ்வதி பூஜை

காலையில் மாடிக்குப் போனால் ஓவனைக் காணோம். கூடத்தில் இருந்தது. அக்காவின் தையல் மெஷின், என் ஸ்கூட்டர் சாவி, ஸ்பேனர் எல்லாவற்றுக்கும் நடுவில், சந்தனம் குங்குமம் இட்டு, சாமந்தி மாலை போட்டு. பக்கத்தில் அடுக்கிய புத்தகங்களில் எல்லாவற்றுக்கும் மேலே பிரெஞ்சு சமையல் நூல். அட்டையில் இருந்த பன்றி இறைச்சிப் படத்தின் மேல் ஒரு வெற்றிலையை வைத்து மறைத்திருந்தாள்.

"அக்கா, ஒரே ஒரு தடவை ஓடு மட்டும் சுட்டுப் பார்த்துடறேன். முட்டை இல்லாமல்."

"பூஜைல வச்சதைத் தொடக் கூடாது. நாளைக்குக் காலைல எடுத்து, அதை வச்சு ஏதாவது புதுசா ஆரம்பிக்கணும். அதுக்குத்தான் விஜயதசமி."

"அதெல்லாம் மூணு வயசுக் குழந்தைக்கு."

"உனக்குக் கொஞ்சம் லேட்டு. அவ்வளவுதான்."

அக்டோபர் 12, சனி. விஜயதசமி

மாலையைக் கழற்ற அக்கா விடவில்லை. குங்குமப் பொட்டும் சாமந்தி மாலையுமாக ஓவனை இரு கைகளிலும் ஏந்தித் தெருவைக் கடந்தேன். தெரு முழுக்க வாசலில் நின்றது. பேங்க் மேனேஜர் மனைவி புதுப் பல்லோடு சிரித்தார்.

செலஸ்தீன் கதவைத் திறந்தார். என்னைப் பார்த்தார், மாலையைப் பார்த்தார்.

"அய்யோ முசே! மாப்பிள்ளை அழைப்பா?"

"ஓவன்."

"மாப்பிள்ளை நல்லா கனமாத்தான் இருக்காரு. உள்ள கொண்டு வாங்க."

அவர் அப்பாவின் சமையலறையில் பளிங்குக் கல் மேடை இருக்கிறது. கை வைத்தால் சில்லென்று இருக்கிறது. மாவில் வெண்ணெயை நான் உதிர்க்க ஆரம்பித்ததும் அது வழக்கம்போல் உருகியது.

"தள்ளுங்க. உங்க கை சூடு. என் கை எப்பவும் ஜில்லுனு இருக்கும். ஊசி போடப் போனா பேஷண்ட் எல்லாம் அலறுவாங்க, ஊசிக்கு இல்ல, கைக்கு."

கை ஜில்லென்று இருப்பது உண்மை. சரிபார்த்தேன்.

ஓதீல் செய்ததைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததில் அவருக்குத் தெரியாமலே பாதி வேலை தெரிந்திருந்தது. மீதி என் காகங்களிடம் தேறியது. கடலையைக் கொட்டி ஓட்டைச் சுட்டோம். முட்டை, க்ரீம், மிளகுத்தூள். வறுத்த மோர்மிளகாயை நான் தூவியபோது "இது எதுக்கு?" என்றார். விளக்கினேன். "ஓதீல் பார்த்தா மயக்கம் போட்டு விழுவா" என்று சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்சம் தூவினார்.

பொன்னிறமாக வந்தது. நடுவில் லேசாக ஆடியது. ஆட வேண்டும் என்கிறது நூல். நான் ஆடியதைப் பற்றி நூலில் ஒன்றும் இல்லை.

ஒரு துண்டு வெட்டித் தட்டில் வைத்துக் கொடுத்தேன்.

"உங்களுக்கு?"

"நான் முட்டை..."

"செஞ்சவர் தின்னாததை நான் தின்ன மாட்டேன். ஆஸ்பத்திரிச் சாப்பாட்டுல அவ்வளவு பட்டிருக்கேன்."

அறுபத்தொன்றாவது வயதில் முதல் முறையாக முட்டை சாப்பிட்டேன். முன்னோர்களின் முடிவு தவறில்லை.

எதிர்ப் பால்கனியில் அக்கா துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். காலையில் உலர்த்திய அதே துணிகள்.

செலஸ்தீன் ஒரு வாய் சாப்பிட்டார். மிளகாய் ஏறியது. இருமினார், கண்ணில் தண்ணீர். தண்ணீர் கொடுத்தேன். இன்னொரு வாய். நிதானமாக மென்றார்.

"இது கீஷ் இல்ல முசே."

நான் ஓவனின் வெப்பத்தைக் குறைக்கப் போனேன். அது அணைந்துதான் இருந்தது.

திரும்பியபோது அவர் இரண்டாவது துண்டை வெட்டிக்கொண்டிருந்தார். அதை முடித்து, தட்டில் உதிர்ந்திருந்த ஓட்டுத் துகளையும் விரலால் ஒற்றி எடுத்தார்.

"ஆனா இது நான்சியில கிடைக்காது."

தர்க்கப்படி பார்த்தால் கூற்று நிரூபணமாகவில்லை. நல்ல கீஷ் கிடைக்கவில்லை. எனவே வீடு விற்கப்படலாம், விற்கப்படாமலும் இருக்கலாம். இதையெல்லாம் யோசித்தபடி வாசலுக்கு வந்தேன். அவர் பின்னாலிருந்து சொன்னார்:

"அடுத்த தடவை மிளகாயைக் கொஞ்சம் குறைங்க."

அக்டோபர் 13, ஞாயிறு

'அடுத்த தடவை' என்ற சொற்களை ஆராய்ந்தேன். அகராதியும் பார்த்தேன். அடுத்த என்றுதான் இருக்கிறது.

அக்டோபர் 14, திங்கள்

காலையிலேயே சென்னைக் கார் வந்து நின்றது. நான் பேப்பர் படித்தேன். தலைகீழாகப் படிக்கிறேன் என்று அக்கா திருப்பிக் கொடுத்தாள். எதிர்வாசலில் கறுப்புக் கண்ணாடிக்காரர் கையை விரித்து விரித்துப் பேசினார். கடைசியில் கண்ணாடியைக் கழற்றினார். பிறகு மாட்டிக்கொண்டு காரில் ஏறினார். முன்னால் ஏறியவர் அவர் மட்டும்தான். பின்னால் யாரும் ஏறவில்லை.

சிறிது நேரத்தில் செலஸ்தீன் தெருவைக் கடந்து எங்கள் கூடத்துக்கு வந்தார். என்னைப் பார்க்கவில்லை. அக்காவிடம்தான் பேசினார்.

"மங்கை அம்மா, அந்த வேகாத கடலை மிச்சம் இருக்கா?"

அக்கா உள்ளே போய் ஒரு எவர்சில்வர் தூக்கை எடுத்து வந்தாள். டப்பாக் கடலையில் சிவந்ததை மட்டும் பொறுக்கி அதில் தனியாகப் போட்டு வைத்திருந்தாள். எப்போது பொறுக்கினாள் என்று எனக்குத் தெரியாது.

"பதிவு ஆபீஸ் போகலையா?" என்றாள்.

"வீட்டை வித்துட்டா அடுக்களைக்கு எங்க போறது?"

"அந்தப் பிளேன்?"

"அது பாட்டுக்குப் போகும்."

தூக்கை வாங்கிக் குலுக்கிப் பார்த்தார். கற்களைப் போல் சத்தம் வந்தது. அவருக்கு அது திருப்தியாக இருந்தது.

"இதை வச்சு என்னம்மா பண்ணப் போறே? எத்தனை விசில் விட்டாலும் வேகாதே" என்றாள் அக்கா. முதல் முறையாக 'பண்ணப் போறே' என்றாள், 'போறீங்க' இல்லை.

"வேக வேணாம் அக்கா. ஒரு டப்பால போட்டு வச்சா முப்பது வருஷம் வரும்." அப்போதுதான் என் பக்கம் திரும்பினார். "என்ன முசே?"

எனக்கு இப்போது அறுபத்தொன்று. அதோடு முப்பதைக் கூட்டிப் பார்க்க உட்கார்ந்தேன். பிறகு எழுந்து வெண்ணெய் வாங்கப் போய்விட்டேன்.